பெயரில் இருக்கிறதா மருந்து? தலையிடிக் குளிசையின் அரசியல் வரலாறு

ஜேர்மனியில் மருந்துக்கடையொன்றுக்குப் போய்த் தலையிடிக்குக் குளிசை கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் ஒன்று கைக்கு வரும். ஒன்றில் 'அஸ்பிரின்' என்ற பெயரும் பாயர் கம்பனியின் சிலுவை அடையாளமும் இருக்கும். மற்றதில் 'ஆ-எஸ்-எஸ்' என்ற மூன்றெழுத்து இருக்கும். இரண்டினுள்ளும் இருப்பது அசெற்றைல்சலிசிலிக் அமிலம். அந்த இரசாயனப் பெயரின் ஜேர்மன் சுருக்கம்தான் அந்த மூன்றெழுத்து. அளவும் ஒன்றே, 500 மில்லிகிராம். விலை மட்டும் வேறு. இந்த நாட்டில் அஸ்பிரின் என்ற சொல்லைப் பெட்டியில் அச்சிடும் உரிமை இன்றும் பாயருக்கு மட்டுமே உண்டு.

நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் முதுகுநோவும் தலையிடியும் இல்லாதவர்கள் குறைவு. எனவே எந்தக் குளிசை நல்லது என்ற வாக்குவாதம் இடைவேளைகளில் அடிக்கடி வரும். எம்மவர்கள் மேற்சொன்ன இரண்டு பெட்டிகளையும் ஒதுக்கிவிட்டு, "என்னதான் சொல்லுங்கோ, எங்கடை பனடோல் மாதிரி வராது" என்பார்கள். கொழும்புக்குப் போய்வருபவர்களின் பயணப்பெட்டிகளில் பனடோல் அட்டைகள் வந்துசேரும். இங்கே பரசிற்றமோல் என்ற பெயரில் விற்கப்படுவதும் அதே பொருள்தான் என்று சொன்னால், "அதுக்குத் தலையிடி கேக்காது" என்ற பதில் கிடைக்கும். 'எங்கடை' பனடோல் 1956 இல் பிரித்தானியாவில் சந்தைக்கு வந்த ஒரு கம்பனிப் பெயர் என்பது வேறு கதை.

இந்த வாக்குவாதத்திற்கு எங்களிடம் இரண்டு ஆயத்த விடைகள் உள்ளன. படித்தவர்கள் 'இது மூடநம்பிக்கை, விளம்பர மயக்கம்' என்பார்கள். மற்றவர்கள் 'விலைக்கேற்ற சரக்கு' என்பார்கள். வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால் இரண்டு விடைகளுமே போதாதவை. குளிசையின் பெயர் நோவின்மீது உண்மையாகவே வேலைசெய்கிறது. இது அளந்து பார்க்கப்பட்ட விடயம். அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி, பெயருக்குள் இருக்கும் அந்த வலு யாருடைய சொத்து என்பதே. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

1. வேலியாக ஒரு பெயர்

அசெற்றைல்சலிசிலிக் அமிலத்தை முதன்முதல் (தூய்மையற்ற வடிவில்) ஆக்கியவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் சார்ள்ஸ் கெர்ஹார்ட், ஆண்டு 1853. அதைத் தூய வடிவில் ஆக்கியது பாயர் கம்பனியின் எல்பர்பெல்ட் ஆய்வுகூடம். இன்று வுப்பெற்றால் நகரின் ஒரு பகுதியாக இருக்கும் எல்பர்பெல்டில், 1897 ஓகஸ்ட் 10 ஆம் திகதியிட்ட ஆய்வுக் குறிப்பில் பீலிக்ஸ் ஹொப்மான் அதைப் பதிவுசெய்தார். அந்த வேலை தனது வழிகாட்டலில் நடந்தது என்று ஆர்தர் ஐகன்கிரூன் என்ற யூத இரசாயனவியலாளர் 1949 இல் எழுதினார். நாசிகளின் தெரேசியன்ஸ்ரட் முகாமிலிருந்து உயிர்தப்பியவர் அவர். கண்டுபிடிப்பாளர் பெயரே சர்ச்சைக்குரியதாக இருக்க, பண்டத்தின் பெயர் மட்டும் உறுதியாக நின்றது.

1899 மார்ச் 6 இல் அஸ்பிரின் என்ற பெயர் பேர்லினில் பதிவானது. பொருள் ஏற்கெனவே அறியப்பட்டது என்பதால் ஜேர்மனியில் அதற்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமை 1917 இல் முடிந்தது. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு, வணிகப்பெயருக்கு இல்லை என்பதைக் கம்பனி நன்கு விளங்கியிருந்தது. எவரும் ஆக்கக்கூடிய பொருளைச் சுற்றி எவரும் தாண்டமுடியாத வேலி ஒன்று பெயரினால் போடப்பட்டது.

இந்த வேலியை உடைத்தது உலகப் போர். அமெரிக்கா பாயரின் உடைமைகளை எதிரிச் சொத்தாகப் பறிமுதல் செய்து 1918 டிசம்பரில் ஏலத்தில் விட்டது. ஸ்ரேர்லிங் என்ற கம்பனி 5.31 மில்லியன் டொலருக்கு அவற்றை வாங்கியது. 1921 இல் நியூயோர்க்கில் நீதிபதி லேர்னட் ஹான்ட் இந்தப் பெயர் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கினார். வைத்தியர்களுக்கும் மருந்து வணிகர்களுக்கும் அந்தப் பொருளின் இரசாயனப் பெயர் தெரியும். எனவே அவர்களிடையே அஸ்பிரின் ஒரு கம்பனியின் அடையாளமே. ஆனால் கடையில் வாங்கும் சாதாரண மனிதருக்கு அது அந்த மருந்தின் பெயர், வேறொன்றுமில்லை. ஆகவே அவர்களுக்கு விற்கும்போது எவரும் அதைப் பயன்படுத்தலாம். ஒரே சொல் ஒரு வர்க்கத்தாருக்குத் தனியுடைமை, இன்னொரு வர்க்கத்தாருக்குப் பொதுவுடைமை! 1994 இல் பாயர் கம்பனி, வட அமெரிக்காவில் தன் சொந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் அதனோடு சேர்ந்த வணிகத்தையும் மீட்க 1 பில்லியன் டொலர் கொடுத்தது. ஒரு பெயர் என்ன பெறும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை.

2. பெயர் நோவைக் குறைக்கிறதா?

வெற்றுக் குளிசை கொடுத்து நோயாளியைத் திருப்திப்படுத்தும் வழக்கம் மருத்துவத்தில் பழையது. 'நான் உன்னை மகிழ்விப்பேன்' என்று பொருள்படும் பிளசிபோ என்ற இலத்தீன் சொல் அதற்கு வழங்கியது. அதை ஆய்வுப்பொருளாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் ஹென்றி பீச்சர். 1955 இல் 15 ஆய்வுகளைத் தொகுத்து, 1,082 நோயாளிகளில் சராசரியாக 35 வீதத்தினர் வெற்று மருந்தினால் திருப்தியான நிவாரணம் பெற்றனர் என்று எழுதினார். இந்தக் கணக்கு பல பதிற்றாண்டுகள் வேதவாக்காக நின்றது. தானாகவே மாறும் தலையிடியையும் அவர் குளிசையின் கணக்கில் சேர்த்துவிட்டார் என்று 1997 இல் கீன்லே, கீனே என்ற ஜேர்மன் ஆய்வாளர் இருவர் விமர்சித்தனர். அந்த விமர்சனம் நியாயமானது.

ஆனால் எல்லாமே கணக்குப் பிழையல்ல. 1978 இல் கலிபோர்னியாவில் லெவின், கோர்டன், பீல்ட்ஸ் ஆகிய மூவர் பல்லுப் பிடுங்கியவர்களிடம் ஒரு பரிசோதனை செய்தனர். வெற்று மருந்தால் நோக் குறைந்தவர்களுக்கு, அபின்வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலொக்சோனைக் கொடுத்தபோது நோவு கூடியது. அதாவது, நம்பிக்கை ஏற்பட்டபோது உடல் தன்னுடைய நோநீக்கியைத் தானே சுரந்திருக்கிறது. 'மனப்பிரமை' என்று நாம் தள்ளிவிடுவதற்குள் ஒரு இரசாயனம் இருக்கிறது.

எமது விடயத்திற்கு மிக நெருக்கமானது 1981 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பிரான்த்வெயிற், கூப்பர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. தலையிடிக்கு வழக்கமாகக் குளிசை எடுக்கும் 835 பெண்கள் நான்கு பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் பெயர்பெற்ற கம்பனிப் பெட்டியில் அஸ்பிரின். இன்னொன்றுக்குப் பெயரற்ற பெட்டியில் அதே அஸ்பிரின். மூன்றாம் பிரிவுக்குப் பெயர்பெற்ற பெட்டியில் வெற்றுக் குளிசை. நான்காம் பிரிவுக்குப் பெயரற்ற பெட்டியில் வெற்றுக் குளிசை. அஸ்பிரின் வெற்றுக் குளிசையை வென்றது எதிர்பார்த்ததே. ஆனால் உள்ளே இருப்பது எதுவானாலும், பெயருள்ள பெட்டி பெயரற்ற பெட்டியை வென்றது. அதிலும் அந்தக் கம்பனியின் குளிசையையே வழமையாக எடுப்பவர்களிடம் வேறுபாடு கூடுதலாக இருந்தது. பழகிய பெயர் தரும் நம்பிக்கையே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

பெயர் மட்டுமல்ல, விலையும் இப்படி வேலைசெய்கிறது. 2008 இல் வெளியான இன்னொரு ஆய்வில், 82 பேருக்குக் கையில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, புதிய நோநீக்கி என்று சொல்லி வெற்றுக் குளிசை கொடுத்தார்கள். குளிசையின் விலை 2 டொலர் 50 சதம் என்று கேட்டவர்களில் 85 வீதத்தினருக்கு நோவு குறைந்தது. அது 10 சதமாகக் குறைக்கப்பட்டது என்று கேட்டவர்களில் 61 வீதத்தினருக்கே குறைந்தது.

இதன் எல்லையையும் சொல்லியாகவேண்டும். 2001 இல் ஹ்ரோப்யார்ட்சன், கெட்சே ஆகிய இருவரும் 114 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெற்று மருந்தின் பயன் நோவு போன்ற, நோயாளி தானே உணர்ந்து சொல்லும் விடயங்களில் சிறிதளவில் தெரிந்தது. வேறு பெரும்பாலானவற்றில் தெரியவில்லை. நம்பிக்கை தலையிடியைக் குறைக்கலாம். கொலராக் கிருமியைக் கொல்லாது.

3. பிபிலேயின் கணக்கு

இனி இலங்கைக்கு வருவோம். பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இந்தப் போராட்டம் உலகிலேயே மிகத் துணிச்சலாக நடந்த நாடுகளில் அதுவும் ஒன்று. நாங்கள் பனடோலைக் காவித்திரிகிறோமே தவிர, இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

சேனக பிபிலே 1920 இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். 1971 இல் அவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இலங்கையின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையைச் சிறிமாவோ அரசாங்கத்திடம் கொடுத்தனர். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதலாவது தலைவர் பிபிலே. அறிக்கையின் தருக்கம் எளிமையானது. ஒரே பொருள் பத்துப் பெயரில் பத்து விலைக்கு வருகிறது. பெயரை நீக்கிப் பொருளை மட்டும் கேட்டு, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரினால் விலை விழும். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. விலைகளும் விழுந்தன.

பல்தேசியக் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974 இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கி வைத்திருந்த மூலப்பொருளிலிருந்து ரெற்றாசைக்கிளின் கப்சியூல் ஆக்கித்தருமாறு கேட்கப்பட்ட பைசர் கம்பனி அதைச் செய்யவில்லை. கம்பனியைத் தேசியமயமாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டார். சஞ்சய லால் என்ற பொருளியலாளருடன் சேர்ந்து பிபிலே 1977 இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வரலாறு பதிவாகியிருக்கிறது. அவ்வாண்டு யூலையில் அரசாங்கம் மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. கம்பனிப் பெயர்கள் திரும்பி வந்தன. செப்டெம்பர் 29 இல் பிபிலே கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1982 இல் பங்களாதேசம் இதே பாதையில் தன் மருந்துக் கொள்கையை வகுத்தது.

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்க வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பொருளியல் வரலாறு படிப்பித்தபோது, இதை நான் இறக்குமதிச் செலவு, அந்நியச் செலாவணி, கம்பனி இலாபம் என்ற தலைப்புகளின் கீழ்தான் விளக்குவேன். அந்த விளக்கம் சரியானது. ஆனால் அன்றைய எதிர்ப்பின் முக்கிய ஆயுதம் எது என்று பார்த்தால் இன்னொரு பக்கமும் தெரிகிறது. கம்பனிகளும் தனியார் வைத்தியர்களில் ஒரு பகுதியினரும் மீண்டும் மீண்டும் சொன்னது ஒன்றுதான்: கூட்டுத்தாபனத்தின் மருந்து மலிவு, ஆகவே தரம் குறைவு.

1981 ஆம் ஆண்டு ஆய்வை இந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். பெயரற்ற குளிசை தரம் குறைந்தது என்று ஒரு வைத்தியர் நோயாளியிடம் சொன்னால், அது வெறும் கருத்து மாத்திரமல்ல. அந்தக் குளிசையிலிருந்து நோநீக்கும் வலுவின் ஒரு பங்கை அவர் எடுத்துவிடுகிறார். பிறகு அது 'கேட்கவில்லை' என்று நோயாளி சொல்லும்போது, 'நான் சொன்னேன்தானே' என்கிறார். அவதூறு தனக்கான சாட்சியைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.

4. நம்பிக்கையை எடுப்பதும் விற்பதும்

இது ஊகமல்ல என்பதற்கு நியூசிலாந்து உதாரணம் ஒன்று உண்டு. அது தைரொயிட் நோய்க்கான குளிசை பற்றியது. 2007 இல் எல்ற்ரொக்சின் குளிசையின் உற்பத்தி கனடாவிலிருந்து ஜேர்மனிக்கு மாற்றப்பட்டது. வேலைசெய்யும் மருந்து மாறவில்லை. நிறமும் துணைப்பொருட்களும் மாறின. செலவைக் குறைக்கச் செய்த வேலை என்று கதை பரவியது; தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அதைப் பெருப்பித்தன. முன்பு 30 ஆண்டுகளில் 14 பக்கவிளைவு முறைப்பாடுகளே வந்த மருந்துக்கு, அடுத்த 18 மாதங்களில் 1,400 க்கு மேல் வந்தன. அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. பயம் உடலில் வேலைசெய்தது.

மறுபக்கத்தில், நம்பிக்கை எப்படி விற்கப்படுகிறது என்பதற்கு அவுஸ்திரேலியா உதாரணம். அங்கே நியூரோபென் என்ற பெயரில் முதுகுநோவுக்கு ஒன்று, மாதவிடாய் நோவுக்கு ஒன்று, ஒற்றைத் தலையிடிக்கு ஒன்று, சாதாரண தலையிடிக்கு ஒன்று எனத் தனித்தனிப் பெட்டிகள் விற்கப்பட்டன. நான்கினுள்ளும் இருந்தது ஒரே அளவு இபுபுறோபென் லைசின், 342 மில்லிகிராம். விலை மட்டும் சாதாரண பெட்டியைவிட அதிகம். 2015 டிசம்பரில் சமஷ்டி நீதிமன்றம் இது மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்த்தது. 1.7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலராக விதிக்கப்பட்ட அபராதம் 2016 டிசம்பரில் மேன்முறையீட்டில் 6 மில்லியனாக உயர்த்தப்பட்டது.

கம்பனிகளுக்காக வாதாடுபவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: 'பெயர் நோவைக் குறைக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பெயருக்கு விலை கேட்பதில் என்ன தவறு?' இக்கேள்வியை இடதுசாரிகள் தட்டிக்கழிக்கக்கூடாது. என் பதில் இது: நம்பிக்கையைக் கம்பனி உருவாக்கவில்லை, அதற்கு வேலி போட்டிருக்கிறது. வருத்தம் வந்தவனுக்கு மருந்து தருபவர்மீது ஏற்படும் நம்பிக்கை, மருத்துவம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது மருந்துக்குத் தட்டுப்பாடு. ஆஸ்பத்திரியில் தரும் குளிசைக்குப் பெட்டியுமில்லை, பெயருமில்லை. பழைய கடதாசியில் மடித்த சரை, அதன்மேல் பேனையால் எழுதிய 'காலை 1, இரவு 1' மட்டும்தான். அதைத் தந்தவர் எங்கள் ஊர் அப்போதிக்கரி ஐயா. எங்கள் வீடுகளில் எவரும் அந்தக் குளிசை கேட்காது என்று சொன்னதில்லை. பெயருக்குரிய இடத்தில் அந்த மனிதர் இருந்தார். தந்தவருடைய சொல்லும் மருந்தின் ஒரு பகுதியாகியிருந்தது. அதற்கு எவரும் தனியாகக் காசு கேட்கவில்லை.

ஏமாற்றாமலும் இதைச் செய்யமுடியும். 2010 இல் காப்சக் என்பவரும் அவருடைய சகாக்களும் குடற்கோளாறு உள்ள 80 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு இது மருந்தற்ற குளிசை என்று வெளிப்படையாகவே சொல்லி, அது எப்படி உதவக்கூடும் என்பதையும் விளக்கிக் கொடுத்தார்கள். எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்களுக்குச் சுகம் கூடுதலாக இருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனால் விளக்கத்திற்கும் கவனிப்பிற்கும் வலு உண்டு என்பதை அது காட்டுகிறது.

5. பிபிலேயின் கணக்கில் சேர்க்கவேண்டியது

பொதுப்பெயர் மருந்தை ஆதரிப்பவர்கள் விலையைப் பற்றி மட்டும் கதைத்தால் போதாது என்பதே நான் சொல்லவருவது. ஜேர்மனியில் 2002 இலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒரேவகை மருந்தில் மலிவானதைக் கொடுக்கவேண்டும் என்ற விதி விரிவாக்கப்பட்டது. 2007 இலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் கம்பனிகளுடன் விலைக்கழிவு ஒப்பந்தம் செய்கின்றன. கொள்கை சரி. ஆனால் நடைமுறையில் வயதானவர்களுக்கு ஒரு தடவை நீலப் பெட்டி, மறுதடவை வெள்ளைப் பெட்டி. விளக்கம் சொல்ல எவருக்கும் நேரமில்லை. மொழி தெரியாத எம்மவர்களுக்கு இது இரட்டைப் பயம். விளக்காமல் மாற்றுவதும் மருந்திலிருந்து ஒரு பங்கை எடுப்பதுதான்.

இரண்டாவது விடயம் இன்னும் கடினமானது. நம்பிக்கையைக் கோருபவர் அதற்குத் தகுதியானவராக இருக்கவேண்டும். இலங்கையில் 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரம் வெளியானது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதுசெய்யப்பட்டார். இப்படியொரு செய்தியைப் படித்த தாய் கம்பனிப் பெட்டியைத் தேடினால் அதை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? பரிசோதனைக்கூடமும் நேர்மையான கொள்வனவும் இல்லாத இடத்தில் பொதுப்பெயர் வெறும் மலிவுப்பெயராகிவிடும். ஒழுங்கான பரிசோதனை உள்ள இடத்திலோ நிலைமை வேறு. அங்கே இரு குளிசைகளும் இரத்தத்தில் சேரும் அளவை ஒப்பிட்டு, வேறுபாட்டின் புள்ளிவிபர எல்லை முழுவதும் 80 க்கும் 125 வீதத்திற்கும் இடையில் அடங்கினால்தான் அனுமதி. இதைப் பலர் 'இருபது வீதம் மருந்து குறைவு' என்று விளங்கிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. குளிசைக்குள் போடும் மருந்தின் அளவுக்குத் தனியான, மிக இறுக்கமான விதி உண்டு. மேற்சொன்ன 80 உம் 125 உம் அளவீட்டின் நிச்சயமின்மைக்கு விடப்பட்ட எல்லைகள்.

பிபிலே பெயரை நீக்கிப் பொருளைத் தந்தார். பெயரோடு சேர்ந்திருந்த நம்பிக்கையை மக்களின் பொதுச்சொத்தாக மாற்றும் வேலை மிச்சமிருக்கிறது. அது விளம்பரத்தால் ஆகாது. சோதித்துப் பார்க்கும் கூடம், ஒளிக்காமல் பேசும் நிருவாகம், ஐந்து நிமிடம் இருந்து விளக்கும் வைத்தியர், பெட்டி மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்று எங்கள் மொழியில் சொல்லித்தரும் ஒருவர், இவையே அதன் கருவிகள். கடைசி வேலையை இங்கே நாங்களே செய்யலாம். மருந்துக்கடைக்கும் வைத்தியரிடமும் பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகள் பெட்டியின் பெயரை மட்டும் வாசித்துக் காட்டாமல், அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்துக் காட்டட்டும். ஒரே பொருளை இரண்டு பெயரில் இரண்டு மடங்கு விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அதனால் குறையும்; பரசிற்றமோலில் அது சிறிய ஆபத்தல்ல.

பெயரின் வலுவை ஒப்புக்கொள்வது கம்பனிக்குச் சலுகை கொடுப்பதாகும் என்று தோழர்கள் சிலர் நினைக்கக்கூடும். வலுவை மறுத்தால்தான் அதைக் கம்பனியிடமே விட்டுவிடுகிறோம் என்பது என் வாதம். மறுப்பவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.